மூன்று சோடி

நாலாயிரத்து முந்நூற்று எண்பது மீற்றர்,
எக்ஸ்சேஞ்சின் இரும்புச் சட்டகத்திலிருந்து
பால் சேகரிப்பு நிலையத்தின் சுவர்ப்பெட்டி வரை.
வலையிறவுப் பாலத்தில் யாரையும் கேட்டால்
"இந்தா, கிட்டத்தான்" என்பார்கள்.
செம்புக்குக் கிட்ட என்று ஒன்றில்லை.
போகப் போகக் களைக்கிறது அது.

நான்கு சோடிக் கம்பி எப்போதோ இழுத்தது,
பேச்சு மட்டும் போனால் போதும் என்றிருந்த காலத்தில்.
ஒவ்வொன்றிலும் கருவியைக் கொளுவிப் பார்த்தேன்.
முதலாவது நல்லது.
இரண்டாவதும்.
மூன்றாவது, பாலத்துக்குக் கீழே ஒரு மூட்டில்
வாவியைக் கொஞ்சம் குடித்திருக்கிறது.
நான்காவதை, யானை முறித்த தூணுக்குப் பக்கத்தில்
யாரோ சுருட்டி விற்றுவிட்டார்கள்.

மனேஜர் சபாநடேசனுக்கு ஐம்பது வேண்டும்.
கல்லடியில் அவருடைய மச்சான் ஐம்பது வைத்திருக்கிறார்.
மச்சானின் படலையடியிலேயே கபினெற் நிற்கிறது,
அதை அவர் சொல்லவில்லை.

வீடீஎஸ்எல் குறுந்தூர ஓட்டக்காரன்.
ஆயிரம் மீற்றருக்குள் புயல்;
அதற்கு மேல் மூச்சு வாங்கிக் குந்திவிடும்.
ஏடீஎஸ்எல் இவ்வளவு தூரம் வரும்.
வந்து, மூன்று இறக்கும்,
அரை ஏற்றும்.

அந்த அரையில் எனக்குத் தடக்கியது.

எனக்குப் புளியந்தீவில் வீடு, எக்ஸ்சேஞ்சின் மதிலோரம்.
நாற்பத்தெட்டு இறங்குகிறது.
நான் மேலே அனுப்புவதெல்லாம்
சித்திக்கு ஒரு குட் மோர்னிங்.
இந்த இடம் அப்படியில்லை.
விடிய நாலு மணிக்குப் பதினொரு கொட்டிலில் பால் அளக்கிறார்கள்.
யாருடைய மாடு, எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு,
தண்ணீர் கலந்ததா,
எல்லாம் இங்கிருந்துதான் ஏற வேண்டும்.
படுவான்கரை எப்போதும் ஏற்றித்தான் அனுப்பியது,
நெல்லை, தயிரை, விறகை.
ஊர்களெல்லாம் வாய் பிளந்து
படம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று
யாரோ ஒருவர் எங்கோ இருந்து கம்பியைப் பங்கிட்டிருக்கிறார்.

ஆகவே எஸ்எச்டீஎஸ்எல்.
மெதுவான, பிடிவாதமான பிறவி.
போகவும் வரவும் ஒரே அளவு.
சோடிக்கு ஒன்றரை;
மூன்றையும் கட்டி ஒரே ஈதர்நெற் ஆக்கினால் நாலரை.

"ஐம்பது கேட்டா நாலரை தாறியா புள்ள?"
"நாலரையும் ஏறும் ஐயா."
"ஏறுமெண்டா?"
முற்றத்தில் நின்ற பவுசரைக் காட்டினேன்.
"இது இந்த றோட்டில நூறில ஓடுமா?"
"அதுக்கேன் என்ர பவுசரை இழுக்கிறா," என்றார்,
என்றாலும் ஒப்பமிட்டார்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
மூன்றாவது சோடியில் இரைச்சலுக்கு விட்ட இடைவெளி
ஐந்து டெசிபெல்.
ஆறு வேண்டும் என்கிறது கையேடு.
ஒன்றை நான் கடனாக எடுத்தேன்.

மார்கழியில் மழை அதைத் திருப்பிக் கேட்டது.
ஒரு ஞாயிறு இரவு, சொல்லாமல் கொள்ளாமல்
மூன்றாவது போய்விட்டது.
மற்ற இரண்டும் சுமையை மாற்றிக்கொண்டன.
என் திரையில் சிவந்த ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
பதினொரு கொட்டிலின் கணக்கும்
விடியுமுன் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை சபாநடேசன் கோல் எடுத்தார்.
"மூண்டுதான் வருதெண்டு பொடியன் சொல்றான்.
பில்லில ஒண்டரையைக் கழிப்பீங்களா?"

அப்போது நான் பாலத்துக்குக் கீழே தோணியில்,
மூட்டின் மூடியைத் திறந்து
வாயால் ஊதி ஊதி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
ஒரு சிறிய நண்டு உள்ளேயிருந்து இறங்கிப் போனது.

படிவத்தில், 'தெரிவுக்கான காரணம்' என்பதற்கு
நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.
தூரம், என்று எழுதியிருந்தேன்.
மிச்ச மூன்று வரியும் சும்மா கிடக்கின்றன.