இரும்பு திண்ட பாலை

பேராற்றங்கரையில்
பதினேழாம் இலக்கப் பாலைமரத்தின் பொந்தில்
ஒரு பெட்டை இருவாய்ச்சி
தன்னைத்தானே மண்ணும் எச்சமும் பூசி அடைத்துக்கொண்டு
இன்றோடு நாற்பத்தொரு நாள்.

வெளியே தெரிவது
ஒரு விரலகல வெடிப்பு,
அதில் இடைக்கிடை அசையும் அலகின் நுனி.
மிச்சமெல்லாம் என் ஊகம்.

சேவல் ஆறு நாற்பதுக்கு வரும்.
வரமுன்னமே சிறகு கேட்கும்,
கிறவல் ரோட்டில் பழைய லொறி
மூச்சு வாங்குவதுபோல.
தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய்க் கக்கி
வெடிப்புக்குள் நீட்டும்:
வீரைப்பழம், வீரைப்பழம், பாலைப்பழம்,
ஒருநாள் ஓணான் வால்.
நான் படிவத்தில் கோடு போடுவேன்,
நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று.
நேற்று ஐம்பத்திரண்டு.
ஐம்பத்து மூன்றாவது அலகு தவறி விழுந்தபோது
"ச்சா" என்றேன், வாய்விட்டு.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

மரத்தடி தவமலருடையது.
ஒன்பது வருடம் கண்ணிவெடி எடுத்தவள்.
முழங்காலில் நின்று
நூல் கட்டிய சதுரம் சதுரமாக
சருகை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை
நான் எந்தக் கம்பஸிலும் படிக்காதது.
"வெடிக்காதெண்டு எனக்குத் தெரியும்,
முழங்கால்தான் நம்புதில்லை."
பொந்திலிருந்து விழுந்த விதைகளை எண்ணிச் சொல்கிறாள்.
வீரை நூற்றுப்பத்து. பாலை அறுபத்து நாலு.
பெயர் தெரியாதது ஏழு.
பித்தளைக் கோது ஒன்று.
"இது உங்கட கணக்கில்லை" என்று
அதைத் தன் சட்டைப் பைக்குள் போடுகிறாள்.

இந்த மரம் ஏன் இன்னும் நிற்கிறது?
உடம்பெல்லாம் செல்துண்டு.
அரிந்தால் வாளின் பல் போய்விடும்,
மரக்காலைக்காரர் கிட்டவும் வரமாட்டார்கள்.
பட்ட காயம் உளுத்துப் பொந்தானது.
பொந்துக்குள் முட்டை.
முப்பத்து நாலு கூட்டு மரத்தில் பத்தொன்பது இப்படி.
இதை நன்றியோடு சொல்ல என்னால் முடியாது.
எழுதாமல் விடவும் முடியாது.
அந்த எண்ணையும் கொண்டுபோய்
வீட்டில் இருந்து சோறு தின்கிறேன்.

பதினெட்டாம் மரம் கீறல் இல்லாத மரம்.
உச்சிக் கவட்டில் ஒரு பொந்து,
போன கிழமை ஒரு சோடி வந்து எட்டிப் பார்த்தது.
நேற்று அதன் அடியில் நீலச் சோக்கில் ஒரு வட்டம்.
பின்னேரம் கோடரியோடு வந்தார் அருமைநாயகம்.
மகளின் வீட்டுத்திட்ட வீடு
சுவரோடு நிற்கிறது, ரெண்டு மாரியாக.

"அண்ணை, உதுவும் இரும்பு திண்ட மரம்" என்றேன்.

பதினொரு வருடத் தரவில்
நான் சொன்ன முதற்பொய்.
அவர் கோடரியின் பின்பக்கத்தால் தட்டினார்.
காது வைத்துக் கேட்டார்.
பிறகு என்னை விட்டுத் தவமலரைப் பார்த்தார்.
அவள் எழும்பவில்லை,
சருகிலிருந்து கண்ணும் எடுக்கவில்லை.
"ஓம், உள்ளுக்க கனக்கக் கிடக்கு."
இரும்பைப்பற்றி அவள் சொன்னால்
ஒட்டுசுட்டானில் மறுபேச்சில்லை.
அருமைநாயகம் மெல்லச் சிரித்தார்.
நம்பினாரா, தெரியாது.
"அப்ப பிள்ளையின்ர கூரைக்கு?"
எனக்குப் பறவைகளைப்பற்றித்தான் தெரியும்.
ஆற்றில் தண்ணி போகிற சத்தத்தை
மூன்று பேரும் கொஞ்ச நேரம் கேட்டோம்.

இன்று காலை ஆறு நாற்பது தாண்டிவிட்டது.
சேவலைக் காணவில்லை.
ஆறு ஐம்பத்தைந்து.
வெடிப்பில் அலகின் நுனி வந்து வந்து போகிறது.
தவமலர் நூலைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறாள்.
அவள் மேலே பார்த்து
நான் கண்டது இதுதான் முதல்.
ஏழு பத்து.
பேனை மை காய்ந்து போச்சோ என்று
உள்ளங்கையில் கீறிப் பார்க்கிறேன்.

கிறவல் ரோட்டில் லொறி.
இல்லை, சிறகு.

வீரைப்பழம், ஒன்று.