கடைசி மேசை

நாட்டுக்கு ஒரு கதிரை.
ஜப்பானிலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்ததாம்.
அந்த ஒன்றுக்கு நாங்கள் எட்டுப் பேர்,
மட்டக்களப்பு பார் வீதியில்
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி டியூட்டரியில்.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த இருபடிச் சமன்பாடு.
அதற்குப் பக்கத்தில் அருளம்பலம் சேர் விதிகளை எழுதினார்:

கடவுச்சீட்டு வேண்டும்.
போன முறை போனவர் இம்முறை போக ஏலாது.
ஐந்து சுற்று.
வெற்றி சமன் என்றால்
நீங்கள் எதிர்த்து ஆடிய ஆட்களின் வெற்றிகளைக் கூட்டுவோம்.
அதுவும் சமன் என்றால் மட்டும்
நேருக்கு நேர் வென்றது யார் என்று பார்ப்போம்.

எனக்கு முழுதாக விளங்கவில்லை.
கேட்கவுமில்லை.
வெல்லப் போகிறவர்களின் கவலை அது என்றிருந்தேன்.

'கோ' ஆடப் போகிறேன் என்று லீவு கேட்டபோது
பெரிய மிஸ்ஸி, மாட்டுக் கண்காட்சியா என்றா.
பகலுக்கு மட்டும்தான் கிடைத்தது.

முதல் சுற்றில் ஏறாவூர் சிஹானா.
மூலையில் நான் கட்டிய வீட்டுக்கு
இரண்டு கண் இருக்கிறதென்று நம்பினேன்.
அவள் ஒரு கல் வைத்தாள்; ஒரு கண் பொய்.
பதினேழு கறுப்புக் கற்களை
சுண்டு விரல் படாமல் பொறுக்கி எடுத்தாள்,
புண்ணில் ஒட்டிய பஞ்சை எடுப்பது போல.
பிறகு மூன்று சுற்று, மூன்று தோல்வி.

மூன்றாம் சுற்றில் அவள் லோகிதராஜாவை வென்றது அரைப் புள்ளியால்.
மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிற மனிதர் அவர்,
தோற்றதும் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.
பலகையில் எங்கேயும் அரைப் புள்ளி கிடையாது.
வெள்ளைக்கு முதலிலேயே கொடுக்கிற
ஆறரையின் வால் அது.
அடுத்த சுற்றில் அவளும் ஒன்று தோற்றாள்.

ஐந்தாம் சுற்று. எனக்குக் கடைசி மேசை.
எதிரில் டச்பார் கெவின் பார்த்தலோட், வயது பதினொன்று,
அவனுக்கும் நாலு தோல்வி.
மூலையைப் பிடித்துவிட்டு நடுவை மறக்கிற பிள்ளை.
வென்றிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு வென்றிருப்பேன்.

மணி மூன்று நாற்பது.
திருக்கோவில் பஸ் மூன்று ஐம்பத்தைந்துக்கு.
ஏழு மணிக்கு வாட்டைப் பாரம் எடுக்க வேண்டும்.
"எட்டாம் இடத்துக்குத்தானே சேர்" என்றேன்.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"போங்க பிள்ள" என்றார்.

என் பக்கத்து நேரம் ஓட ஓட
கெவின் வெறுங்கதிரையைப் பார்த்தபடி
கையைக் கட்டிக்கொண்டு இருந்தானாம்.
அரை மணித்தியாலம்.
அது முடிந்தபோது நான் ஆரையம்பதி தாண்டி
கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன்,
யாருடையவோ இறால் பெட்டி என் செருப்பில் ஒழுக.

மூன்றாம் நாள், ஊசி மருந்து அலுமாரிக்கு முன்னால் நின்று
கணக்குத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சிஹானா நாலு வெற்றி. லோகிதராஜா நாலு வெற்றி.
அவள் எதிராளிகளின் கூட்டு: பதின்மூன்று.
அவருடையது: பதினான்கு.

அவளுடைய ஐந்து பேரில் ஒருத்தி நான், சுழியம்.
அவருடைய ஐந்து பேரில் ஒருவன் கெவின், ஒன்று.
அந்த ஒன்று நான் விட்டுவிட்டு வந்தது.
இருந்து ஆடியிருந்தால்
இங்கே ஒன்று கூடி, அங்கே ஒன்று குறைந்து
பதினான்கு, பதின்மூன்று.
நோயாளியின் உப்புக் கணக்கைப் போல
மூன்று தரம் கூட்டினேன். மாறவில்லை.

ஒரு கல்லும் வைக்காத பலகை அது.
நாட்டின் ஆளைத் தெரிந்தது அதில்தான்.

லோகிதராஜா போய் வந்தார்.
கொடிகளுக்கு நடுவில் ரை கட்டிய படம்,
ஐம்பத்துச் சொச்சமாம் இடம்.
நல்ல மனிதர், எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விசிறி.
கெவின் தன் முதல் வெற்றியைப்
பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொன்னானோ,
சொல்லாமல் விட்டிருப்பானென்று தோன்றவில்லை.

சிஹானா,
கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில்
இரண்டு நாள் வரிசையில் நின்றவள்,
ஒரு மாதம் கழித்து ஒரு வரி அனுப்பினாள்:
"அக்கா, அன்டைக்கு பஸ் கிடைச்சதா?"

எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
கடைசியில்:
"கிடைச்சது. நின்டுதான் போனன்."