கேள்வி பதினேழு

நாவாந்துறையில் முதல் வீடு.
ஐஸ் பெட்டிக்குள் முப்பது குழாய்கள்,
துப்பல் சேர்க்க.
"இதுக்குள்ளை துப்பினால்
நான் ஏன் குடிக்கிறன் எண்டு தெரியுமோ?"
மரியநேசன் வாய்விட்டுச் சிரிக்கிறார்.
பாதிதான் தெரியும் என்கிறேன்.
மற்றப் பாதிக்கு
இந்தப் பன்னிரண்டு பக்கம்.

கேள்வி நான்கு: இனம்.
நாலு கட்டம். ஒன்றில் மட்டும் சரி போடலாம்.
கேள்வி ஒன்பது: குடித்தால் முகம் சிவக்குமா?
"கடல் வெயிலிலை கறுத்த முகம், பிள்ளை.
சிவந்தாலும் ஆர் கண்டது?"
கேள்வி பதினொன்று: ஒரு முறைக்கு எவ்வளவு?
படிவம் மில்லிலீட்டரில் கேட்கிறது.
அவர் பிளாவிலும் கால் போத்தலிலும் சொல்கிறார்.
கடலுக்குத் தடை போட்டிருந்த வருசங்களில்
"கணக்கே இல்லை."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஒழுங்கையால் திரும்பினால் சோனகதெரு.
புத்தளத்தால் திரும்பி வந்த நிலாம்தீன்
பேனையை வாங்கி
எல்லாக் கட்டத்திலும் பூச்சியம் போட்டார்.
பிறகு வாசல்வரை கூட வந்து:
"குடிக்க ஏலாத ரத்தம் எண்டில்லைத் தங்கச்சி.
தெரு பாத்துக்கொண்டிருக்கு. அவ்வளவுதான்."

ரயில் நிலையத்தடி பேக்கரியில் சுமனபால,
விடியவிடிய போறணையோடு நிற்கிறவர்,
மாக்கையோடு குழாயை வாங்கினார்.
நாலாம் கேள்வியில் வேறு கட்டம்.
பதினோராம் கேள்வியில்
அதே கால் போத்தல்.

கேள்வி பதினேழு:
கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது குடிப்பழக்கம்?

ஆய்வு இரட்டையர்களைத்தான் அதிகம் தேடுகிறது.
நானும் இரட்டையில் ஒருத்தி.
பேராசிரியருக்குச் சொல்லவில்லை.

கோபிதனுக்கும் எனக்கும் பத்து நிமிச இடைவெளி.
ஒரே பால்மா, ஒரே செல்லடி, ஒரே பங்கர்.
பதினாறு வயதில்
அவனுக்குப் படலை திறந்தது:
பந்தடி, பெடியள், தவறணைப் பின்பக்கம்.
எனக்குப் பின்னேரம் ஆறு மணிக்குக் கொக்கி.
எவ்வளவு திட்டியிருப்பேன் அந்தக் கொக்கியை.

முப்பத்தொரு வயதில் அவனுடைய ஈரல் முடிந்தது.
நான் ஒரு துளி தொட்டதில்லை.
வீட்டில் அதைக் குணம் என்கிறார்கள்.

பொழுதுபட்டது.
பெட்டியில் ஒரு குழாய் மிச்சம்.
துப்பினேன். மூடியை இறுக்கினேன்.
இனம்: வெறுமையாக விட்டேன்.
அளவு: பூச்சியம்.
பதினேழில் ஆம்.
ஓரத்தில், பென்சிலால்:
கொக்கி.