ஏழாவது பாட்டில் ஒரு இருமல்

பாசையூர் ஐஸ் கொம்பனியின்
கைவிட்ட குளிரறையில்தான் அதைப் பதிஞ்சது.
சுவர் நிறைய முட்டைத் தட்டுகள்.
கதவிடுக்கில் அன்ரன்ரை கலியாண மெத்தை.
இரைச்சல் விழுமெண்டு விசிறியை நிற்பாட்டினோம்.
நெத்தலி வாடையை நிற்பாட்ட முடியேல்லை.

அதுக்கு முன்னம் நாலு பேர் நாங்கள்.
பேர் கரைவலை.
றெஜினோல்ட், அன்ரன், சங்கானைக் குகதர்சன், நான்.
எங்களிட்டை இருந்தது இரண்டு மைக்.
அதிலொன்று கறண்ட் அடிக்கும்.
அதை ஆர் பிடிக்கிறதெண்டு
மேடைக்குப் பின்னால் காசு சுண்டுவோம்.

பிறகு ஒரு மாரி.
கொட்டடிக் கடையில்
றோல்ஸைப் பாதி கடிச்சபடி றெஜி சொன்னான்:
"அடுத்ததைத் தனியச் செய்யப்போறன்."
சண்டை ஒண்டும் வரேல்லை.
அன்ரன் தேத்தண்ணிக்குக் காசு குடுத்தான்.
நான் கேட்டது ஒரே கேள்வி:
"பீற் ஆர் போடுறது?"
"நீதான், வேறை ஆர்?"

தனியன் எண்டு பேர் வைச்சான்.
கூட்டத்தை விட்டு விலகின யானைக்கு அப்பிடித்தானாம் பேர்.
யானையே இல்லாத குடாநாட்டில்
யானைப் பேரில் ஒரு இசைத்தட்டு.

என்ரை பழக்கம் வரி முடிவில் இயைபு,
ஆணி அடிக்கிற மாதிரி, டக், டக்.
அவனுக்கு இரண்டாம் எழுத்தில்தான் பிடி.
உப்பில் துவங்கினால்
கப்பலில் ஏறி
செப்பமாய் அடுத்த வரியில் இறங்குவான்.
நான் லப்டொப்புக்குப் பின்னால்
மீன்பெட்டியில் குந்தியிருந்து
எரிச்சலோடை தலையாட்டுவேன்.

கரைவலையில் 'நான்' எண்டு ஒருத்தரும் பாடினதில்லை.
நாங்கள் கடல், நாங்கள் கலம்,
சென்றியில் இறங்கி உருட்டின சைக்கிளும் நாங்கள்.
தனியனில் எண்ணிப் பார்த்தேன்,
நூற்றி எழுபத்தாறு 'நான்'.
'நாங்கள்' ஒரே ஒருக்கா,
அதுவும் அவன்ரை வீட்டுக்காரரை.

ஆனால் ஒண்டு சொல்லவேணும்.
நாலு பேராய் நிண்டபோது
அவன்ரை மூச்சை நான் கேட்டதேயில்லை.
வரி முடியிற இடத்தை எங்களில் ஒருத்தன் பிடிப்பான்,
அந்த இடைவெளியில் அவன் மூச்செடுப்பான்.
தனியன் முழுக்க அந்த மூச்சுக் கேட்குது.
வெட்டிப்போடவோ எண்டு கேட்டேன்.
"விடு" எண்டான்.

ஏழாவது பாட்டு, மீன்சந்தை நாலரை மணி.
ஜெனரேற்றரில் டீசல் அடித்தட்டு.
ஒரு தரம்தான் பாடலாம்.
இரண்டாம் பந்திக்கு முன்னால் அவன் நிறுத்தின அந்த இடத்தில்
எனக்கு இருமல் வந்திட்டுது.
கண்ணை மூடி, மூன்று எண்ணி,
அந்த இருமலிலேயே கால் வைச்சுத் துவங்கினான்.
முடிய, இருட்டு.

ஐம்பது சீடி அடிச்சோம்.
பதினொண்டு விற்றது, இரண்டு திரும்பி வந்தது.
மிச்சம் என்ரை கட்டிலுக்குக் கீழை
எறும்புக் கூட்டுக்குப் பக்கத்தில்.
பிறகு அது எப்பிடியோ போனுக்குப் போன் தாவி,
கடல் தாண்டி,
இப்ப கிளாசிக் எண்டுகினம்.
குருநகர்ப் பொடியன் ஒருத்தன் முழங்கையில்
அதிலை ஒரு வரியைப் பச்சை குத்தியிருக்கிறான்,
றகரத்துக்கு ரகரம் போட்டு.
றெஜி நோர்வேயில் லொறி ஓடுறான்.
வருசப் பிறப்புக்கு மட்டும் ஒரு மெசேஜ்.
நான் ஸ்ரான்லி வீதியில்
போன் கண்ணாடி மாத்துறன்.

போன கிழமை, பருத்தித்துறை பஸ்.
முன் சீற்றில் வெள்ளைச் சேட்டுப் பள்ளிக்கூடப் பொடியன்.
காதிலிருந்து கசியுது என்ரை பீற்.
உதடு அசையுது,
ஒரு 'நான்' விடாமல்.
வல்லை வெளிக் காற்று யன்னலுக்குள் அடிக்க
ஏழாவது பாட்டு வந்தது.
முதல் பந்தி முடிஞ்சுது.
பொடியன் கண்ணை மூடினான்.
முட்டியை வாயில் வைச்சு
இருமினான்,
தாளம் பிசகாமல்.

பக்கத்துச் சீற் அன்ரி திடுக்கிட்டு
தண்ணிப் போத்தலை அவனிட்டை நீட்டினா.