நாலாயிரத்து நூற்றுப் பதினேழாவது தகடு

மலாவியில் தேயிலைத் தொழிற்சாலை, மூன்று வருடம்.
வந்து ஒன்பது நாள்.
காய்ச்சல் இல்லை; விதி என்பதால் விரல் நீட்டுகிறார்
தங்கமலைத் தோட்டத்துச் செபமாலைராஜன்.

அப்புத்தளையில் மத்தியானமே மூடுபனி ஏறி
சன்னல் கம்பியில் குந்தியிருக்கிறது.
தடித்த பூச்சு ஒன்று, மெல்லியது ஒன்று.
கீம்சா காய்வதற்குள் கேட்கிறார்:
"ஒரே ரூம் மிஸ், ஒரே கிழிஞ்ச வலை.
கூட இருந்த ஜெகசோதிக்கு நாலு தரம் வந்துச்சு.
எனக்கு ஏன் வரல?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செங்குழியத்துக்குள் குடிபுகுந்து
மோதிரம் மாட்டிக்கொண்ட பிறகுதான்
ஒட்டுண்ணி எனக்கு முகம் காட்டும்.
அதற்கு முன்பு நடந்ததை
தோல் யாரிடமும் சொல்வதில்லை.

ஏதோ ஓர் இரவு.
நுளம்பு துப்பிவிட்டுப் போனது
பத்தோ இருபதோ கவ்வாத்துக் கத்திகள்,
தூசியிலும் தூசியாய், வளைந்து, வழுக்கி ஓடுபவை.
அவற்றுக்குத் தெரிந்த ஒரே ஊர் ஈரல்.
போய்ச் சேர்ந்தால்
ஒன்று பல்லாயிரமாகி
ஒரு வாரம் கழித்து இரத்தத்தில் இறங்கும்.
வழியில் இருப்பது அரை மணி நேரம், கூடக்குறைய.

அந்த அரை மணிக்குள்
பழைய கடிகளை மறக்காத ஒன்று,
பிறபொருளெதிரி என்று பரீட்சைக்குப் பாடமாக்கியது,
கவட்டைக் கொம்பாய்க் கவ்வி
கத்தியின் உறையை உருவி
தோலிலேயே கிடத்தியிருக்கலாம்.
பத்தொன்பதைப் பிடித்து ஒன்றை விட்டாலும் தோல்விதான்.
கிடத்தியிருக்கலாம்.
அல்லது அது வெறும் நுளம்பாய் இருந்திருக்கலாம்.
இரண்டுக்கும் தகடு ஒரே மாதிரித்தான்.

போன மாதம் கணக்காய்வுக்கு வந்தவர்
பதிவேட்டைப் புரட்டினார்:
இல்லை இல்லை இல்லை, பக்கம் பக்கமாய்.
"நாட்டிலே இல்லாத நோய்க்கு
ஒரு கதிரை, ஒரு சம்பளம்" என்று சிரித்தார்.
தேநீர் கொடுத்தேன். சீனி காணாது என்றார்.
மலைக்குக் கீழே ஆற்றுக் குழிகளில்
அனோபிலிஸ் இன்னும் முட்டையிடுவதை
அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப ஒண்ணும் இல்லதானே மிஸ்?"
"இரத்தத்தில் ஒன்றும் இல்லை.
காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வாங்க."
பஞ்சை விரலில் அழுத்தியபடி போகிறார்.

மாதக் கடைசி வெள்ளி. இழுப்பறையில்
எனக்கென்று அனுப்பிவைத்த பழைய தகடு;
யாருடைய இரத்தமோ, பெயர் இல்லை, எண் மட்டும்.
காணாததைக் காணாமலே விட
கண் சீக்கிரம் பழகிவிடும்.
கடி நின்றுபோனால் பிறபொருளெதிரியும் மெலியுமாம்.

எண்ணெய் ஒரு துளி. திருகுகிறேன்.
கலங்கல். கலங்கல். பிறகு மேல் மூலையில்
நீல வளையம், அதிலே ஒரு சிவப்புக் கல்.
பக்கத்துக் குழியத்தில் இன்னொன்று.

எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பனிக்குள் எங்கேயோ
பதுளைக்குப் போகிற ரயில்.