இரண்டு மூட்டை

ஆயி பட்டணத்தாரைப் போல
செக்போஸ்டில் ஒருத்தரும் மிஞ்சாமல்
என் பின்னால் வந்தார்கள்.
ஜீப்பில் மூன்று பேர், பைக்கில் ஏட்டு வேதமுத்து.
கம்பத்துக்குக் காவலிருந்த பையன்கூட
சைக்கிளை எடுத்துக்கொண்டான்.

இஞ்சிவிளை இறக்கம்.
கேரியரில் இரண்டு மூட்டை ரேஷன் அரிசி.
ஒன்றின் வாயை அவிழ்த்தே கட்டியிருந்தேன்.
சிந்தட்டும், சிந்தினால்தான் துரத்துவான் என்றான் குஞ்ஞுமோன்.
பிடிபடுகிற தூரத்திலேயே ஓடு,
ரொம்ப முந்தினால் திரும்பிவிடுவான்.
அடிக்கடி திரும்பிப் பார்,
பயந்தவன் பார்ப்பான்.

அதில் நடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்களின் நெற்றி விளக்குகள்
மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்ந்தன.
எது குஞ்ஞுமோனின் ஆள் என்று எனக்கே தெரியாது.
ஒரு விளக்கு மட்டும் கையில் உயர்ந்தது,
தாழாமல் அங்கேயே நின்றது.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த
மூன்று லாரிகள்
தூக்கியபடி விட்ட கம்பத்தின் கீழே நுழைந்து
பாறசாலைக்குள் இறங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை செறுவாரக்கோணம் கோயிலில்
பாடம் அதே அதிகாரமாக வந்தது.
வாசித்த தபால்காரர்
'பதிவிடை' என்ற சொல்லில் தடுக்கி
முதலிலிருந்து வாசித்தார்.
எனக்கு முன்னால் இரண்டு பெஞ்ச் தள்ளி
வேதமுத்து, தோளில் கட்டு.
என் அரிசியில் வழுக்கி விழுந்தது.

அந்த அதிகாரத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.
பதுங்கினவர்கள் இத்தனை ஆயிரம்,
செத்தவர்கள் இத்தனை ஆயிரம்.
ராஜாவைத் தொங்கவிட்ட மரம், எந்த நேரம் வரைக்கும் என்பது,
அவன்மேல் குவித்த கல்கூட.
முதுகைக் காட்டி ஓடினவர்களில்
ஒருத்தனுக்கும் பெயர் இல்லை.
யோசுவா ஈட்டியை நீட்டித் திரும்பினபோது
திரும்பாமல்
எவனாவது அப்படியே ஓடிப்போயிருப்பானா,
தோற்ற மாதிரி ஓடி ஓடி
கால் அதை நம்பிவிட்டதால்?
விரலை வைத்துத் தேடினேன். எழுதவில்லை.

வெளியே செருப்புக் குவியலில்
வேதமுத்து ஒற்றைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.
எடுத்துக் கொடுத்தேன்.
முகத்தைப் பார்க்காமலே கேட்டார்,
"எவ்வளவு தந்தான்லே?"
"ஐந்நூறு."
விலை சரிதானா என்று யோசிப்பவர்போல
கொஞ்சநேரம் நின்றார்.

"எனக்கு நாளைக்கு ஆர்டர் வரும்" என்றார்.
"ஒன்றரை மூட்டைன்னு எழுதினேன்.
ஆள் தப்பி ஓட்டம். அடையாளம் தெரியல."

போன வருஷம் அசனத்துக்கு
நானும் அவரும் ஒரே அண்டாவைத்தான்
ஆளுக்கொரு காதாகப் பிடித்து இறக்கினோம்.

மீதி அரை மூட்டை
இறக்கம் நெடுகக் கிடக்கிறது.
நேற்று மழை பெய்தது.
முளைக்காது, புழுங்கலரிசி.