மறுகா

ஹெட்போனைப் போட்டால் முதலில் மழை.
பிறகு பிராங்கோ பார்தலோட்
சாக்ஸபோன் வாயைத் துணியால் துடைப்பது.
பிறகு எங்கோ ஒரு கதிரை இழுபடுகிறது.

முன்னால் நாலு பேர்,
பின்னால் இருபத்திரண்டு பேர் ஓர்க்கெஸ்ட்ரா.
கல்லடியில் வயலின் படிக்கிற ஒன்பது பிள்ளைகள்
கதிரையில் ஏற மாட்டோம் என்றார்கள்.
வயலினின் தலை கணுக்காலில் சாயாவிட்டால்
கை எப்படி ஓடும்?
தாண்டவன்வெளிக் கோயில் வயலின்கள் ஆறும்
நாடிக்குக் கீழே வைத்துப் பழகியவை,
நிலத்துக்கு இறங்கவில்லை.
ஆக, எனக்கு வாய்த்த ஓர்க்கெஸ்ட்ராவுக்கு
இரண்டு உயரம்.
மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு
அரை மணித்தியாலம் மண்டபத்தில் நடந்தேன்.
கடைசியில் இடுப்பளவில் நிறுத்தினேன்,
ஒருவருக்கும் சொந்தமில்லாத உயரத்தில்.

டபுள் பேஸ் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தது.
அதற்கும் ஒரு டிக்கெட்.
யன்னல் சீட்டில் அதை இருத்திவிட்டு
மாகோவிலிருந்து நின்றுகொண்டே வந்தான் சத்தியகீர்த்தி.
கொன்வென்ட் பியானோவில் மேலே ஒரு கட்டை ஊமை.
அது வருகிற இடத்திலெல்லாம்
வினோதரஞ்சினி அந்தச் சுரத்தை மூக்கால் முனகுவாள்.
உற்றுக் கேட்டால் விளங்கும்.
நான் உற்றுத்தான் கேட்கிறேன், பதினோராவது இரவாக.

ஒத்திகையில் ஒரு பிள்ளை கேட்டது:
"இந்தக் கீறும் ரெண்டு புள்ளியும் என்ன?"
பெனடிக்ற் மாஸ்ரர் விளக்கத் தொடங்கி
மூன்று மொழியில் தடுக்கி விழுந்தார்.
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து
ஏறாவூர் ஹிஷாம், பகலில் டயர் ஒட்டுகிறவன்,
தலை நிமிராமல் சொன்னான்:
"மறுகா."
அதற்குப் பிறகு எல்லாக் கடதாசியிலும்
அந்தப் புள்ளிகளுக்கு மேலே
பென்சிலால் மறுகா, மறுகா, மறுகா.

மூன்றாவது உருப்படி. ஏழாவது நிமிடம்.
கரண்ட் போகிறது.

என் ரெக்கோடர் பற்றரியில் ஓடியது,
அதனால் இருட்டும் பதிவாகியிருக்கிறது:
கதிரைகள் நின்றுபோன சத்தம்,
ட்ரம்பெட் ஒன்று பாதி மூச்சில்,
யாரோ டோர்ச் அடிக்க, "அணை" என்று யாரோ.
நாலு பேரும் நிறுத்தவில்லை.
அவர்களுக்குக் கடதாசியே இல்லை.
பேஸ் தனியே நடக்கிறது,
தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பதுபோல.

அப்போது நிலத்திலிருந்து
ஒன்பது வயலின்.

ஒரு இடம் பிசகவில்லை.
பிறகு கேட்டேன். யதுர்ஷிகா சிரித்தாள்:
"அந்த ஐஞ்சு கோடும் எங்களுக்குப் பிடிபடேல்ல அக்கா.
வெளியில சொல்ல வெக்கம்.
எல்லாத்தையும் கேட்டுப் பாடமாக்கிற்றம்."

கொழும்பிலிருந்து கொம்பனி போன் பண்ணுகிறது.
அந்த நாலு நிமிடத்தைச் சுத்தமாக்க முடியுமா?
ஜெனரேட்டர் உறுமலை எடுக்க முடியுமா?
மட்டக்களப்பு என்றபடியால்
பின்னணியில் கொஞ்சம் மீன் பாடினால் நல்லதாம்.
பாடியது ஜெனரேட்டர் மட்டும்தான் என்றேன்.
அதுவும் சுருதி கொஞ்சம் இறக்கம்.
பிராங்கோ என்ன செய்தான் தெரியுமா,
அது உறுமிய சுருதிக்குத்
தன் நீண்ட சுரத்தை மெல்ல வளைத்து இறக்கி
அதன் பக்கத்தில் இருந்துகொண்டான்.
இதை எந்தக் கத்தியால் வெட்டுவது?

ஒன்றை மட்டும் வெட்டினேன், ஒத்துக்கொள்கிறேன்:
லைட் போன கணத்தில் "ஐயோ" என்ற
என் குரல்.

லைட் வந்த பிறகு கதிரைகள் திரும்பி வருகின்றன,
கடதாசியில் இடம் தேடித் தேடி,
ஒவ்வொன்றாக, கொஞ்சம் வெட்கத்தோடு.
கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி.
அதில் ஹிஷாம் குனிந்து
தன் குச்சிகளுக்குச் சொல்கிறான் போல.
மூச்சுத்தான், சொல் அரைவாசி.

இரண்டு டெசிபல் கூட்டியிருக்கிறேன்.
இப்போது கேட்கும்.